ரிக்கார்டு மாதிரியே

எங்கள் பக்கத்தில் மெல்லிசைக் கச்சேரிக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பட்டம் மூன்று வார்த்தைகளில் அடங்கியது: "ரிக்கார்டு மாதிரியே இருக்கு." சாயர்புரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில் கொடையானாலும் சரி, கல்யாண வீட்டு ராத்திரிக் கச்சேரியானாலும் சரி, பந்தலின் கடைசி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டால், பாடகனுக்கு அன்றைய கூலி வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். "நல்லாப் பாடுதான்" என்பது இரண்டாந்தரப் பாராட்டு. "சொந்தமா என்னத்தையோ போடுதான்" என்றால் அது வசவு. கீபோர்டுக்காரர் ஒரு சின்ன இடைவெளி கிடைத்ததே என்று தம் கைவண்ணத்தைக் காட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கூட்டம் அவரை வேலிக் கல்லை நகர்த்தியவனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். பாட்டு அவர் வீட்டுச் சொத்தா, இஷ்டத்துக்கு எல்லையை மாற்ற?

இந்த அளவுகோல் சரிதானா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. 2019ஆம் வருஷம் ஜூன் 2ஆம் தேதி சென்னையில் இளையராஜாவும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் மறுபடி ஒரே மேடையில் ஏறியதிலிருந்து அது வலுத்துவிட்டது. அதற்கு முன் இரண்டு வருஷ காலம் அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு வக்கீல் நோட்டீஸ் கிடந்தது. அது விலகி, ஒத்திகையின்போது இருவரும் கட்டித் தழுவிக்கொண்ட புகைப்படம் வெளியானதும், நாற்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள் பலர் ஒருவருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பாகப் பிரிவினையால் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இருவர் அந்தப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்களாம். படத்தை மட்டும்தான். பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

அந்தக் கச்சேரிக்கு நானும் போனேன். சந்தோஷமாகப் போனேன், சந்தோஷமாகத் திரும்பினேன் என்று ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. அதைப்பற்றித்தான் எழுதுகிறேன். சங்கீத சாஸ்திரம் படித்தவன் எழுதுவதாக வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதை எழுதுகிறவன் ஒருவன் காதை வைத்துக்கொண்டு எழுதுகிறான், அவ்வளவுதான்.

இவர்கள் இருவரையும் சினிமாதான் சேர்த்துவைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். சிநேகம் அதற்கு முந்தியது. 1960களின் கடைசியில், என்ஜினீயரிங் படிக்க வந்த பிள்ளையாகச் சென்னையில் இருந்த பாலு ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். பண்ணைப்புரத்திலிருந்து வந்திருந்த மூன்று சகோதரர்கள் அதில் வாசித்தார்கள்: பாஸ்கர், ராஜா, அமர். ராஜா முதலில் கிடார், பிறகு ஆர்மோனியம். அதாவது குழுத் தலைவர் பாலு. ராஜா அவரிடம் வாத்தியக்காரர். 1969இல் 'அடிமைப்பெண்', 'சாந்தி நிலையம்' படங்களில் பாடி பாலு ஊருக்கெல்லாம் தெரிந்தவரானார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன் பிறகு மேல் கீழாயிற்று. வாத்தியக்காரர் எழுதித் தருவதைத் தலைவர் வந்து பாடலானார். சிநேகத்துக்குள் இப்படி நாற்காலி மாறுவது லேசான காரியமல்ல. நம்மில் எத்தனை பேர் பள்ளிக்கூடத் தோழனிடம் வேலைக்குப் போய், வாடா போடா என்ற பேச்சும் குறையாமல் நாற்பது வருஷம் தள்ளியிருப்போம்?

பண்ணைப்புரத்துச் சகோதரர்களுக்கு அதற்கும் முந்திய மேடை ஒன்று உண்டு. மூத்தவர் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டுக் கட்சிக் கூட்டங்களில் பாட்டுக் கட்டிப் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களிடையே அவர் பாட்டு என்ன வேலை செய்தது என்பதை அந்த மலைப் பக்கத்தில் கதையாகவே சொல்வார்கள். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து அன்றைய அரசியலை அதில் ஏற்றிவிடுவது அவர் வழக்கம். காலையில் நடந்தது ராத்திரி பாட்டில் வந்துவிடும். தம்பிகள் ஆர்மோனியத்தையும் தபேலாவையும் தூக்கிக்கொண்டு கூடப் போனார்கள். அந்த மேடையில் யாராவது ஒருவர் எழுந்து "ரிக்கார்டு மாதிரி இல்லையே" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ரிக்கார்டு மாதிரி இல்லாததுதான் அங்கே விசேஷமே.

நிற்க. எங்கள் ஊருக்கு இளையராஜாவின் சங்கீதம் அந்நியமாக வந்து சேரவில்லை என்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சாயர்புரம் 1842இல் ஜி.யு. போப் வந்து செமினரி தொடங்கிய ஊர். திருக்குறளையும் திருவாசகத்தையும் பின்னாளில் இங்கிலீஷில் பெயர்த்த அதே போப்பையர்தான். (2005இல் இளையராஜா திருவாசகத்தை மேல்நாட்டு வாத்தியக் குழுவைக் கொண்டு இசையமைத்து வெளியிட்டபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தைப்பற்றிப் பேசுகிற தோரணையில் பேசிக்கொண்டார்கள்.) மிஷனரிமார் இந்தப் பக்கத்தில் விட்டுப்போனவற்றில் ஒன்று நாலு குரல் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொயர் பாடும்போது முன்வரிசைப் பெண்கள் மெட்டைக் கொண்டுபோவார்கள். பின்வரிசையில் நிற்கும் கனத்த குரல்காரர்கள் அடியில் வேறொரு பாதையில் நடப்பார்கள். உப்பளத்தில் கணக்கெழுதுகிறவரும், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவரும், கருப்பட்டி யாவாரம் செய்கிறவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பின்வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

ஆகையால் 1980களில் டீக்கடை ஸ்பீக்கரிலிருந்து அந்தப் பாட்டுகள் வந்தபோது, மெட்டின் அடியில் பாஸ் கிடார் தனக்கென்று ஒரு தடம் போட்டுக்கொண்டு நடப்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொயரில் பாஸ் பாடிய என் சித்தப்பா ஒருவர் 'மௌன ராகம்' பாட்டுகளில் மெட்டை விட்டுவிட்டு அந்த அடி வரியை மட்டும் முனகிக்கொண்டிருப்பார். அவருக்குப் பாட்டே வராது என்று வீட்டில் எல்லோரும் தீர்மானம் செய்திருந்தார்கள்.

பிறகு காசெட்டுக் கடை. ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் மூன்றாம் நாள் பதிந்து வைத்திருப்பார் கடைக்கார அண்ணாச்சி. அறுபது நிமிஷ நாடா. பதின்மூன்றாவது பாட்டை எழுதினால், "தம்பி, பாதியில அந்து நிக்கும், பரவாயில்லையா?" என்பார். பரவாயில்லை என்றுதான் சொல்வோம். அப்படிப் பாதியில் நின்ற பாட்டுகளை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் வருகிறது. மேலே போகிறதே என்று ஆச்சரியமாயிருக்கிறது. பாட்டரி தீரும்போது பாலுவின் சாரீரம் ஜலதோஷம் பிடித்ததுபோல் இறங்கும். டேப்பு தேய்ந்த இடத்தில் வயலின்கள் கிணற்றுக்குள் போய்விடும். 'ரிக்கார்டு மாதிரி' என்று நாங்கள் சொன்னபோது ஆளுக்கு ஒரு ரிக்கார்டு இருந்தது என்பதை இப்போது யோசித்தால் வேடிக்கையாயிருக்கிறது.

சண்டைக்கு வருவோம். 2017 மார்ச் மாதம். பாட வந்து ஐம்பது வருஷமானதைக் கொண்டாடிக்கொண்டு பாலு அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். அனுமதியில்லாமல் தம் பாட்டுகளை மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜாவின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. பாலுவுக்கு மட்டுமல்ல, சித்ராவுக்கும், பாலுவின் மகன் சரணுக்கும். சட்டம் அப்படி என்றால் கட்டுப்படுகிறேன் என்று பாலு அறிவித்துவிட்டு அந்தப் பாட்டுகளை நிறுத்தினார். தமிழ்நாடு இரண்டு கட்சியாயிற்று.

என் அபிப்பிராயம் இரண்டு கட்சிக்கும் பிடிக்காது. இளையராஜா கேட்டது நியாயம். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மெட்டுப் போட்டவர் வீட்டுக்குப் போய்விட, அதே மெட்டை வைத்துக் கம்பெனிகள் தலைமுறை தலைமுறையாகக் காசு பார்த்த தேசம் இது. பாட்டு எழுதினவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வருமானத்தில் பங்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தில் தெளிவாகத் திருத்தம் வந்ததே 2012இல்தான். டிக்கெட் விற்று நடக்கும் கச்சேரியில் தம் பங்கை ஒருவர் கேட்டால் அதைப் பேராசை என்பவர்கள், தங்கள் வீட்டு மாடியில் வாடகை தராமல் ஒருவன் குடியிருந்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும். எழுத்தாளனாகிய நான் இந்த விஷயத்தில் நடுநிலை வகிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த விலாசம் மனசை உறுத்தியது. கேட்க வேண்டியது கச்சேரி நடத்துகிறவரிடம். பாடுகிறவரிடம் கேட்பதானாலும், பழைய கிடார்க்காரர் தம் பழைய குழுத் தலைவரைக் கூப்பிட்டு "என்னடா பாலு" என்று தொடங்கியிருக்கலாம். சினிமா மெட்டில் அரசியல் ஏற்றிப் பாடிய பாவலருக்கு அந்த மெட்டின் சொந்தக்காரர் ஒருவர் நோட்டீஸ் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றியது. அங்கே டிக்கெட் கிடையாது, லாபம் கிடையாது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று வக்கீல் சொல்வார். வக்கீல் சொல்வது சரிதான். நான் அதைச் சட்டமாகச் சொல்லவில்லை, ஒரு ஞாபகமாகத்தான் சொல்கிறேன்.

பிரிந்த வித்வான்கள் கூடுவதும் அதில் காசு புகுந்துகொள்வதும் நம் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. மேல்நாட்டில் 1970களில் 'பங்க்' என்று ஒரு சங்கீதம் கிளம்பிற்று. சங்கீதம் என்று நான் சொன்னதை அதைக் கேட்ட சில வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். மூன்றே ஸ்வரக் கட்டு, தொண்டை கிழியும் கத்தல், கிழிந்த சட்டையில் குத்திய ஊக்கு. வேலையில்லாத பையன்களின் கோபம் அது. அதில் பெயர் போன கோஷ்டி 1975இல் லண்டனில் தோன்றிய செக்ஸ் பிஸ்டல்ஸ். ராணியையும் விடவில்லை, ரிக்கார்டுக் கம்பெனியையும் விடவில்லை. 1978 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ மேடையோடு கோஷ்டி உடைந்தது. பதினெட்டு வருஷம் கழித்து, 1996இல், மறுபடி கூடினார்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'அழுக்குப் பணம்' என்று பொருள்படுவது. உங்களை எது சேர்த்துவைத்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, உங்கள் பணந்தான் என்றார் பாடகர், சிரிக்காமல். தங்கள் வாலிபத்தின் கோபத்தை மறுபடி கேட்க வந்த ரசிகர்களுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது, வங்கியில் கடன் இருந்தது. அவர்களில் பாதிப் பேர் ஏமாற்றம் என்றார்கள், பாதிப் பேர் ஆடினார்கள். ஏமாற்றம் என்று சொன்னவர்களும் ஆடியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

நம் மேடையில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னைக் கச்சேரி திரைப்பட இசைக் கலைஞர் சங்கத்தின் கட்டட நிதிக்காக நடந்தது, நல்ல காரியம். யேசுதாஸும் வந்திருந்தார். அன்று இளையராஜாவுக்குப் பிறந்த நாள். பாலுவுக்கு எழுபத்துமூன்று நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் என் மச்சானும் நானும் போய் இறங்கினோம். மேடை நிறைய வாத்தியக்காரர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தாளில் எழுதிய ஸ்வரம். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். தேய்ந்த நாடாவில் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்த வயலின்கள் வெளிச்சத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் அடியில் செல்லோ நடக்கும் பாதையை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சித்தப்பா முனகிய வரி மாதிரி எத்தனை வரிகள்! பாட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வீட்டின் முன் திண்ணை. உள்ளே எத்தனை கட்டு, எத்தனை முற்றம் என்பது அப்போதுதான் தெரிகிறது. இளையராஜாவின் கச்சேரிக்கு ஒருவர் போக வேண்டிய காரணம் இது ஒன்றே போதும்.

ஆனால் கூட்டம் அதற்காக வரவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அன்பர் ஒவ்வொரு பாட்டின் முன்வாத்தியத்தையும் தம் வாயாலேயே வாசித்தார். புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் வந்ததும், வரவு சரியாயிருப்பதைக் கண்ட குமாஸ்தா மாதிரி தலையாட்டினார். எங்கேயாவது அரை மாத்திரை பிசகினால் முகம் சுருங்கியது. சுற்றிலும் பல்லாயிரம் பேர் மனசுக்குள் ஆளுக்கு ஒரு நாடாவைச் சுழலவிட்டுக்கொண்டு, மேடையை அதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலு பாட ஆரம்பித்தார். அதே தேன். அடியில் கொஞ்சம் கரகரப்பு. மேல் ஸ்தாயிக்கு ஏறுமுன் ஒரு கணம் படியைப் பார்த்துக் கால் வைப்பதுபோல் ஒரு நிதானம் இருந்ததாக என் காதுக்குப் பட்டது. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. வாலிபப் பாட்டை வயசானவர் பாடும்போது, அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம் வருகிறது. காதலிக்காகக் காத்திருக்கிறேன் என்று இருபத்தைந்து வயதுக் கதாநாயகனுக்காகப் பாடியவர் எழுபத்துமூன்றில் அதையே பாடினால், யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரமில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது.

'கேளடி கண்மணி' படத்தில் பாலு மூச்சு விடாமல் பாடுவதாகப் பெயர்பெற்ற பாட்டை எல்லோருக்கும் தெரியும். 1990இல் வந்தது, படத்தின் கதாநாயகனும் அவர்தான். அந்தப் பாட்டின் சொற்கள் பாவலர் வரதராசனுடையவை என்பது மட்டும் அநேகருக்குத் தெரியாது. சரணத்தை மனிதர் ஒரே மூச்சில் முடிக்க முடியாது, ஒலிப்பதிவுக் கூடத்தின் உதவி அதில் உண்டு என்று பாலுவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். என்ன பிரயோஜனம்? எந்த ஊர் மேடையில் ஏறினாலும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள்; கேட்டுவிட்டு அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதனும் யந்திரமும் சேர்ந்து நாற்பத்துநாலு வயதில் செய்ததை, மனிதன் மட்டும் தனியாக எழுபதில் செய்ய வேண்டும் என்கிறது ரசிகனின் அன்பு. கட்சி மேடையில் வியர்க்க வியர்க்கப் பாடிய ஒருவர் எழுதின வார்த்தைகள், மூச்சுப் பரீட்சைக்கு உபயோகப்படுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாயிருக்கிறது.

கர்நாடக சங்கீத ரசிகர்களிடம் இந்தக் கொடுமை இல்லை. செம்மங்குடி சீனிவாசய்யர் 1908இல் பிறந்து 2003 வரை இருந்தவர். தொண்ணூறு வயதிலும் பாடினார். இளமையிலேயே அவர் சாரீரத்தைத் தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. முதுமையில் கேட்கவே வேண்டாம். ஆனாலும் ஜனங்கள் போனார்கள். அன்றைக்கு அந்த ராகத்தில் கிழவர் என்ன கண்டுபிடிக்கிறார் என்று கேட்கப் போனார்கள். அங்கே கிழப்பருவத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. சினிமாப் பாட்டில் அதற்கு உட்கார இடமில்லை. நாலரை நிமிஷத்தில் எல்லா நாற்காலியும் நிரம்பிவிடுகிறது.

இதைப் படித்த மேட்டுக்குடிக்கும் பாமர ஜனங்களுக்கும் உள்ள வித்தியாசம் என்று யாராவது சொல்ல வந்தால், தூத்துக்குடிக்காரன் என்ற முறையில் நான் மறுப்பேன். நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எங்கள் பக்கத்தவர். அவர் நாடகங்களை வைத்துக்கொண்டு நடந்தது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியம் மூன்றாவது ஊர். சாயந்திரம் கொட்டகையில்தான் சந்திப்பு, ஒத்திகை கிடையாது. பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம். வள்ளி திருமணத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியாது. எதிராளி மடக்கினால் பதில் சொல்லியாக வேண்டும், பாட்டிலேயே. கோழி கூவும்வரை உட்கார்ந்து கேட்டவர்கள் பனையேறிகளும் உப்பளத் தொழிலாளிகளும்தான். போன கொடையில் சொன்னதையே இந்தக் கொடையிலும் சொன்னால் அவர்களிடம் தப்ப முடியாது. அந்தப் பாட்டனாரின் பேரன்தான் இன்றைக்குப் பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு "சொந்தமா போடுதான்" என்று முகம் சுளிக்கிறான். நடுவில் வந்தது இசைத்தட்டு.

இளையராஜாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மேடையில் பிசகு நேர்ந்தால் பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்வது அவர் வழக்கம். பலருக்கு அது பிடிப்பதில்லை; கண்டிப்பு, கர்வம் என்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் காகிதத்தில் எழுதியவர் அவர். என் கதையில் ஒரு பத்திரிகைக்காரர் என்னைக் கேளாமல் ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் நான் இரண்டு நாள் சாப்பாடு சரியில்லாமல் இருந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய மனிதருக்கு அந்தக் கோபம் கூடாதா? பாலுவின் சுபாவம் வேறு. பிசகினால் நாக்கைக் கடித்துக்கொள்வார், சிரிப்பார், மன்னிப்புக் கேட்பார்; சில இடங்களில் பிசகாமலேயே குறும்பாக ஒரு சங்கதியை நுழைத்துவிட்டு ஒன்றுமறியாதவர்போல் நிற்பார். ஒருவர் எழுதியதைக் காப்பாற்றுகிறார், மற்றவர் அந்த நிமிஷத்தைக் காப்பாற்றுகிறார். இவர் நிறுத்துகிற கணத்திலும் அவர் சிரிக்கிற கணத்திலும் மட்டுமே பழைய மெல்லிசைக் குழு எனக்குத் தெரிந்தது: கிடார்க்காரரும் தலைவரும். எங்கள் காசெட்டில் அது பதிவாகவே இல்லை. பக்கத்து அன்பரோ நிறுத்தத்தின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாகவதர் ஞாபகம் வருகிறது. 1944இல் சிறைக்குப் போன எம்.கே. தியாகராஜ பாகவதர் 1947இல் விடுதலையாகி வந்தார். ரயில் நிலையங்களில் காத்துக் கிடந்த அதே ஜனங்கள், மறு வருஷம் 'ராஜமுக்தி' வந்தபோது கொட்டகைப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. அவர் மாறவில்லை, காலம் மாறிவிட்டிருந்தது. 1959இல் காலமானார். அன்றைய ரசிகன் புதியதைத் தேடிப் பழைய தெய்வத்தைக் கைவிட்டான். இன்றைய ரசிகன் தெய்வத்தைக் கைவிடுவதேயில்லை. புதிதாக ஒன்றும் செய்துவிடாதே என்று காலைப் பிடித்துக்கொள்கிறான். எது அதிகக் கொடுமை என்று தீர்மானிக்க எனக்குத் தெம்பில்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜா தாம் எழுதிய சிம்பனியை அந்த ஊர் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். வயது எண்பத்தொன்று. எந்தக் காசெட்டோடும் அதை ஒத்துப் பார்க்க முடியாது. சென்னைக் கூட்டத்தில் எனக்கு உண்டான மனத்தாங்கலில் பாதி அந்தச் செய்தியில் கரைந்தது.

மறு பாதி கரையவில்லை. 2020 ஆகஸ்டில் பாலு கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எழுந்து வா என்று இளையராஜா கூப்பிட்டுப் பேசிய படம் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி பாலு போய்விட்டார். மலேசியா வாசுதேவன் 2011இலேயே போயாயிற்று. சொர்ணலதா அதற்கு முந்தின வருஷம். ஜானகி 2017இல் மேடையை விட்டார். பாலுவின் பாட்டுகளை இப்போது வேறு பிள்ளைகள் பாடுகிறார்கள், பிசகில்லாமல் பாடுகிறார்கள். நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றிலும் ஒரு 'பாலு' உண்டு. பகலில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். சென்ற கொடையில் 'நிழல்கள்' படத்து மாலைப் பொழுதுப் பாட்டைப் பாடினான். சரணத்தின் நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கீபோர்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து அழகாக ஒரு சிரிப்புச் சிரித்தான். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கச்சேரி முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன்.

"அந்த இடத்துல வார்த்தை மறந்துபோச்சா, தம்பி?"

"மறக்கல, அண்ணாச்சி. பாலு சார் மேடையில அப்படித்தான சிரிப்பாரு? யூடியூப்புல இருக்குல்லா. அதுக்கு மட்டும் மூணு நாளு ஒத்திகை பாத்தோம்."